வேப் விதி மாறினால் நிகோடின் கணக்கும் மாறும்

வேப் எனப்படும் இ-சிகரெட்டுக்குப் புதிய கட்டுப்பாடு வந்தவுடன் எல்லோரும் அதைக் கீழே வைத்துவிடுவதில்லை. பலர் சாதனத்தை மாற்றுகிறார்கள், திரவத்தை மாற்றுகிறார்கள், சிலர் பழையபடி சிகரெட்டுக்கே போகிறார்கள். அதனால் ஆலோசனைக்கு வருபவரிடம் "வேப் பிடிக்கிறீர்களா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வதில் பயனில்லை. மில்லிலிட்டருக்கு எத்தனை மி.கி., ஒரு நாளைக்கு எத்தனை மி.லி., அண்மையில் எதை மாற்றினார் என்ற மூன்றையும் கேட்டால்தான் உடம்புக்குள் போகும் நிகோடின் பிடிபடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் கொண்டுவந்த நெறிமுறை 2016 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நிகோடின் திரவத்தில் மில்லிலிட்டருக்கு 20 மி.கி.தான் உச்சம், புட்டி 10 மி.லி., சாதனத்தில் திரவம் நிரப்பும் டேங்க் 2 மி.லி. என்றது அது. நிகோடின் கலக்காத திரவம் அந்த வரம்புக்குள் வரவில்லை. அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் 'ஷார்ட்ஃபில்': 60 மி.லி. புட்டியில் 50 மி.லி. வெறும் சுவைத் திரவம் இருக்கும், மில்லிலிட்டருக்கு 18 மி.கி. நிகோடின் உள்ள 10 மி.லி. 'நிக் ஷாட்' திரவத்தை அதில் ஊற்றிக் குலுக்க வேண்டும். மொத்தம் 180 மி.கி.; 60ஆல் வகுத்தால் மில்லிலிட்டருக்கு 3 மி.கி. கணக்கு சரிதான், சட்டப்படியும் சரிதான். ஆனால் கலக்கும் வேலை ஆலையிலிருந்து வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

கை தவறுவது அங்கேதான். மில்லிலிட்டருக்கு 100 மி.கி. உள்ள அடர் நிகோடின் ஒருவர் கையில் கிடைக்கிறது என்று வையுங்கள். அதே 50 மி.லி. சுவைத் திரவத்தை 3 மி.கி. கலவையாக்க சுமார் 1.5 மி.லி. போதும். பழக்கத்தில் 10 மி.லி.யையும் ஊற்றிவிட்டால் வீரியம் கிட்டத்தட்ட 17 மி.கி. ஆகிவிடும், அதிக வாட்டில் ஓடும் சாதனத்தில் அது தலைசுற்றலும் வாந்தியும்தான். இன்னொரு குழப்பம் சதவீதம். 2% என்றால் மில்லிலிட்டருக்கு 20 மி.கி., 2 மி.கி. அல்ல. சரியாகக் குலுக்காவிட்டால் நிகோடின் ஒரே சீராகப் பரவாது. நைட்ரைல் கையுறை, ஊசி இல்லாத சிரிஞ்ச், புட்டியில் தேதியும் வீரியமும் எழுதிய சீட்டு, இத்தனையும் இல்லாமல் அடர் நிகோடினைத் தொடக் கூடாது. தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தை விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் புட்டியோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சுவையூட்டிய திரவத்துக்குத் தடை வந்தால் அதற்கும் வீட்டிலேயே விடை தேடுகிறார்கள். சமையல் எசென்ஸ் சாப்பிடத்தான் பாதுகாப்பானது, நுரையீரலுக்கு அல்ல. எண்ணெய் கலந்த எதையும் டேங்கில் ஊற்றவே கூடாது.

வீரியத்தைக் குறைத்தால் பாதிப்பும் தானே குறையும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. 18 மி.கி.யிலிருந்து 6 மி.கி.க்கு ஒரேயடியாக இறங்கியவர் நீளமாக இழுக்கிறார், அடிக்கடி இழுக்கிறார், வாட்டைக் கூட்டுகிறார். நிகோடின் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது, ஆவிதான் கூடுதலாக உள்ளே போகும். திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள் அதிகம் சூடேறி, அதைச் சுற்றிய பஞ்சு காய்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சும் சேரும். படிப்படியாக இறங்குங்கள், தினமும் செலவாகும் மி.லி.யைக் குறித்து வையுங்கள். அது கூடிக்கொண்டே போனால் அடுத்த படிக்கு இன்னும் நேரம் வரவில்லை.

அமெரிக்காவில் 2020இல் நடவடிக்கை, சாதனத்தில் செருகும் சுவையூட்டிய திரவக் கார்ட்ரிட்ஜ்கள் மீது பாய்ந்தது, புகையிலை, மெந்தால் நீங்கலாக. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்கள் அதில் சிக்கவில்லை. கூட்டம் அங்கே நகர்ந்தது. பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் அந்த வகையை விற்கத் தடை விதித்ததும், சார்ஜ் துளையும் மாற்றக்கூடிய திரவக் குப்பியும் (பாட்) வைத்து அதே வடிவங்கள் கடைக்குத் திரும்பின. எறிய வேண்டிய பழைய வேப்பைப் பிரித்து ஒயர் கொடுத்து சார்ஜ் ஏற்றுகிறவர்களும் உண்டு. உள்ளே இருப்பது லித்தியம் செல். அப்படி ஏற்றுவதற்கான பாதுகாப்புச் சுற்று அதில் இருக்கும் என்று நம்ப முடியாது. வீங்கும், தீப்பிடிக்கும்.

தனக்குப் பழகிய பொருள் கிடைக்காத முதல் சில நாட்கள்தான் சிகரெட் மீண்டும் கைக்கு வரும் நேரம். அந்த நாட்களுக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்சும், திடீர் ஏக்கத்துக்கு 2 அல்லது 4 மி.கி. கம்மும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்மைச் சூயிங்கம் போல் விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும்.