பரவிவிட்டதா, மருந்தின் வேலையா? நுரையீரல் புற்றுநோய் சிகிச்சையின் நடுவே வரும் புது அறிகுறிகள்

நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ திடீரென்று புதிதாக ஒரு தொந்தரவு வந்தால், பிள்ளைகளின் மனம் நேராகப் போய் நிற்பது ஒரே இடத்தில்தான்: பரவிவிட்டதோ? குரல் கம்முகிறது. கால் தள்ளாடுகிறது. நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று மகளைத் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். போன மாதம் எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது என்றுதானே சொன்னார்கள்? அப்புறம் இது எங்கிருந்து வந்தது?

கட்டியிலிருந்து வந்திருக்கலாம். சிகிச்சையிலிருந்து வந்திருக்கலாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் ஒரு கிருமியோ பழைய சர்க்கரை நோயோ தூக்க மாத்திரையோ காரணமாக இருக்கலாம். சில நாள் எல்லாம் சேர்ந்தும் வரும். இவற்றைப் பிரித்தறிய டாக்டருக்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும்தான். ஆனால் அந்த அறிகுறி எந்த நாளில் தொடங்கியது, கடைசி மருந்து ஏறி எத்தனை நாள் ஆகியிருந்தது என்பது எந்த ஸ்கேனிலும் தெரியாது. அது கூடவே இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் குழப்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டை அதிகம் கலங்கடிப்பது அதுதான். இரண்டு நாளாக அப்பா வழக்கத்தைவிட அதிகம் தூங்குகிறார். குமட்டல், லேசான தலைவலி. மூன்றாம் நாள் டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ" என்கிறார். பார்க்கிற எல்லாருக்கும் மூளைதான் ஞாபகம் வரும். நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவக்கூடியது என்பதால் டாக்டர்களும் அதைத் தேடிப் பார்ப்பார்கள். ஆனால் மூளைக்குள் ஒரு கட்டிகூட இல்லாமலே இதெல்லாம் நடக்கும். ரத்தத்தில் சோடியம் குறைந்தால் போதும்.

நம் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, உடலில் தண்ணீர் குறையும்போது ஒரு ஹார்மோனை விடும். சிறுநீரில் போகும் நீரைக் குறைத்து உள்ளேயே வைத்துக்கொள் என்று சிறுநீரகத்துக்கு அது சொல்லும். நுரையீரல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதம் சிறு செல் வகையைச் சேர்ந்தவை. அந்தச் செல்கள் யாரும் கேட்காமலே இதே ஹார்மோனைச் சுரக்கும் திறன் கொண்டவை. சிறுநீரகமும் அதை நம்பி நீரைத் தேக்கிக்கொண்டே போகும். விளைவு, ரத்தம் நீர்த்துப்போகிறது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 120க்கும் கீழே இறங்கிவிடலாம். சோடியம் குறைந்த ரத்தத்திலிருந்து நீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதனால்தான் குமட்டல், தலைவலி, குழப்பம், முற்றினால் வலிப்பு. 1957இல் வில்லியம் ஷ்வார்ட்ஸும் ஃபிரெடரிக் பார்ட்டரும் இதை முதன்முதலில் விவரித்தபோது அவர்கள் எழுதியது இரண்டு நுரையீரல் புற்றுநோயாளிகளைப் பற்றித்தான்.

இதற்குப் பெரும்பாலும் முதல் வைத்தியம் குடிக்கும் தண்ணீரைக் குறைப்பது. சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறையே சிதையலாம். பாசத்தில் நாம் என்ன செய்வோம்? "சோர்ந்து கிடக்கிறாரே, நிறையத் தண்ணீர் குடிக்கட்டும்" என்று ஊற்றிக் கொடுப்போம். இந்த நிலையில் அதுவே கெடுதலாக முடியும்.

சரி, அப்படியானால் குழம்புகிறவருக்கெல்லாம் தண்ணீரைக் குறைத்துவிடலாமா? அதுவும் கூடாது. நுரையீரல் புற்றுநோயில் செதிள் செல் வகை என்று ஒன்று உண்டு. அது பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே நடிக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கலாம். அந்தப் புரதத்தின் ஆணைக்கு எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து ரத்தத்துக்கு வரும். எலும்புக்கே நோய் பரவியிருந்தாலும் கால்சியம் ஏறும். அப்போதும் இதே தூக்கம், இதே குமட்டல், இதே குழப்பம். கூடவே அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், கடுமையான மலச்சிக்கல். இங்கே நோயாளியின் உடம்பு வறண்டுகிடக்கிறது. வைத்தியம் நரம்பு வழியாக நிறைய உப்புநீர் ஏற்றுவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அப்பா, ஒரே குழப்பம். சிகிச்சையோ நேர் எதிர். இதனால்தான் காரணத்தை ஊகித்து வீட்டு வைத்தியம் செய்வதைவிட, அன்றைக்கே ரத்தம் கொடுத்துப் பார்ப்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தாகம் இருந்ததா, மலச்சிக்கல் எத்தனை நாள் என்று நீங்கள் சொல்லும் தகவல், எதை முதலில் தேடுவது என்று டாக்டருக்கு வழி காட்டும்.

குழப்பத்துக்கு வேறு காரணங்களும் உண்டு: தொற்று, ஆக்சிஜன் குறைவு, சிறுநீரகம் தளர்ந்த நிலையில் உடம்பில் தேங்கும் மார்ஃபின், ஸ்டீராய்டு. குழப்பம் என்றால் கத்துவது, பிதற்றுவது என்று நினைக்கிறோம். பேச்சு குறைந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டை மறந்து அமைதியாகிவிடுவதும் அதே நிலைதான். இதை மனச்சோர்வு என்று விட்டுவிடும் வீடுகள் நிறைய.

குரல் கம்முவதற்குக் காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. குரல்வளையை அசைக்கும் இடப்பக்க நரம்பு நேராகத் தொண்டைக்கு வருவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வளைவுக்கு அடியில் சுற்றி, மறுபடி மேலே ஏறித்தான் குரல்வளையைச் சேர்கிறது. அந்த வளைவை ஒட்டியுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கினால் நரம்பு நசுங்கும். இடப்பக்கக் குரல்நாண் அசையாமல் நின்றுவிடும். கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீர் குடிக்கும்போது புரையேறி இருமுகிறாரா? குரல்நாண் சரியாக மூடாததால் நீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று பொருள். நிமோனியா வருவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல் அது.

இனி சிகிச்சையின் நாள்கணக்கு. பல கீமோ மருந்துகளோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் தருவார்கள். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் அம்மா சுறுசுறுப்பாக இருப்பார், ராத்திரி தூங்க மாட்டார், சர்க்கரை எகிறும், சிலருக்கு விக்கல் விடாது. ஸ்டீராய்டு நின்றதும் அடுத்த ஓரிரு நாளில் அப்படியே சாய்ந்துவிடுவார். ஒவ்வொரு சுற்றிலும் அதே நாளில் இப்படி ஆனால், அது நோய் ஏறுவதாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வேறு கதை. எலும்பு மஜ்ஜையில் புது வெள்ளணுக்கள் உருவாவதைக் கீமோ தடுத்திருக்கும். பழையவை தீர்ந்து எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வரும் காலம் பெரும்பாலும் இதுதான். சீழும் கெட்டிச் சளியும் உண்டாவதே வெள்ளணுக்களால்தான். அவை இல்லாதபோது கடுமையான தொற்றுக்குக்கூட வேறு அடையாளமே இருக்காது, காய்ச்சல் ஒன்றைத் தவிர. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டால் காய்ச்சல் இறங்கும், தொற்று இறங்காது. இருந்த ஒரே அடையாளத்தையும் அழித்தது போலாகும்.

சில மருந்துகள் தாமதமாகப் பேசும். சிஸ்பிளாட்டினால் கால்விரல்கள் மரத்துப்போவது மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போகலாம். "எல்லாம் முடிந்த பிறகு ஏன் மோசமாகிறது?" என்று பயப்படுகிறவர்களுக்கு இது தெரிந்தால் கொஞ்சம் நிம்மதி. ரேடியேஷனால் வரும் நுரையீரல் அழற்சி, கதிர்வீச்சு முடிந்து ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டும்: வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், லேசான காய்ச்சல். சாப்பாடு, உறவினர் வருகை என்று வாழ்க்கை சற்றே வழக்கத்துக்குத் திரும்பியிருக்கும் நேரத்தில் இது வருவதால், ரேடியேஷனோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

உடலின் நோயெதிர்ப்பையே புற்றுநோய்மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபிக்கு நாள்கணக்கே பொருந்தாது. டி செல்கள் எனப்படும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களின் மேல் பிடி-1 என்றொரு ஏற்பி உண்டு. தாக்குதலை அடக்கும் சமிக்ஞை அதன் வழியாகத்தான் போகிறது. புற்றுநோய்ச் செல்கள் அந்த வழியைப் பயன்படுத்தித் தப்பிக்கின்றன. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் அந்த ஏற்பியை மூடிவிடும். இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த தசுகு ஹோஞ்சோ, இதே வழியில் இன்னொரு தடையை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனுடன் 2018இல் நோபல் பரிசு பெற்றார். தடை நீங்கிய டி செல்கள் புற்றுநோயை மட்டும் தாக்குவதில்லை. குடல், தோல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, பிட்யூட்டரி என்று எங்கும் திரும்பலாம். மருந்து தொடங்கிச் சில வாரத்திலும் திரும்பலாம், நிறுத்திப் பல மாதம் கழித்தும் திரும்பலாம். வயிற்றுப்போக்கு என்றால் கடையில் மாத்திரை வாங்கி நிறுத்தப் பார்ப்போம். இங்கே குடல் அழற்சிக்கு ஸ்டீராய்டு தேவைப்படலாம். எழுந்தால் தலைசுற்றல், பசியே இல்லை, படுத்தே கிடக்கிறார் என்றால் "கேன்சர் என்றால் அசதி இருக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுவோம். உடம்பு இயங்க அவசியமான கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பது நின்றுபோயிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. ஆனால் ரத்தப் பரிசோதனையில் பிடிபடும், மாத்திரையால் ஈடுகட்டலாம். அசதிக்குக் காரணம் தேடச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

மாத்திரையாகத் தரும் இலக்கு மருந்துகளும் இப்படித்தான். இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உள்ள வகைக்குத் தரும் மருந்துகளில் முகப்பருபோல் தடிப்பும் நகக்கண் வீக்கமும் வரும், பார்த்தாலே தெரிந்துவிடும். ஏஎல்கே என்ற மரபணுவில் மாற்றம் உள்ள வகைக்குத் தரும் லோர்லாட்டினிப் மனநிலையையும் ஞாபகத்தையும் மாற்றக்கூடியது. பொறுமைக்குப் பெயர்போன அம்மா எரிந்து விழுகிறார் என்றால் மருந்துப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். அளவைக் குறைத்தோ சில நாள் நிறுத்தியோ பார்த்தால் சரியாவது உண்டு. ஆனால் அந்த முடிவை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

காத்திருக்கவே கூடாதவை சில. திடீரென்று மூச்சு முட்டுவது, ஒரு கால் மட்டும் வீங்குவது: ரத்த உறைவாக இருக்கலாம். முதுகுவலியோடு கால் பலவீனமாவது, சிறுநீர் வராமல் அடைபடுவது: தண்டுவடம் நசுங்குகிறதோ என்று அன்றே பார்க்க வேண்டும், ஏனென்றால் சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்களே பெரும்பாலும் பிறகும் நடக்கிறார்கள். முகமும் கழுத்தும் உப்புவது, இருமலில் ரத்தம், வலிப்பு. இவற்றுக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்க வேண்டாம்.

பெரிய சிக்கல், பெற்றோர் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளைச் சிரமப்படுத்தக் கூடாது என்றும், சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்றும் மறைப்பார்கள். "எப்படிப்பா இருக்கு?" என்றால் "பரவாயில்லை" என்றுதான் வரும். "நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? சட்டைப் பொத்தானை நீங்களே போட்டீங்களா?" என்று கேட்டால் உண்மை வரும். பொத்தான் போட முடியவில்லை என்பது விரல் நரம்பைப் பற்றிய தெளிவான தகவல். அதைத் தேதியோடு, சிகிச்சையின் எத்தனையாவது நாள் என்பதோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புது மருந்து, நிறுத்திய மருந்து, நாட்டு மருந்து எல்லாமும் அதில் வரட்டும்.

இப்படி எழுதுவதால் ஏதாவது பலன் உண்டா? ஃபிரான்ஸில் ஃபாப்ரிஸ் டெனிஸ் தலைமையில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்கள் வாரம் ஒருமுறை தங்கள் அறிகுறிகளை இணையத்தில் பதிந்தார்கள். மாற்றம் தெரிந்தால் டாக்டருக்குத் தகவல் போகும். இன்னொரு குழுவுக்கு வழக்கமான இடைவெளிகளில் ஸ்கேன். வழக்கமான குழுவில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 12 மாதம்; பதிந்தவர்களில் 19 மாதம். புது மருந்து எதுவும் சேர்க்கவில்லை. பிரச்சினை சீக்கிரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்காமல் போவதும் உண்டு. ரத்தம் சரி, ஸ்கேன் சரி, அப்பாவுக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது. அந்தக் காத்திருப்பு பிள்ளைகளை வதைக்கும். ஆனால் காரணம் தெரிந்த பிறகுதான் வேதனையைக் குறைக்க முடியும் என்பதில்லை. நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழுவின் வேலையே அதுதான். கடைசி நாட்களில்தான் அவர்களிடம் போக வேண்டும் என்ற எண்ணம் தவறு. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமல் குழு 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்த உடனேயே இந்தக் கவனிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலமும் 11.6 மாதம், மற்றவர்களில் 8.9.

மூச்சுத்திணறலுக்கு அவர்கள் சொல்லித்தரும் எளிய உத்தி கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறி. மூக்கையும் கன்னத்தையும் சுற்றியுள்ள தோலின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் முப்பெரு நரம்பு, குளிர்ந்த காற்று படும்போது "மூச்சு போதவில்லை" என்ற உணர்வைத் தணிக்கிறது. 2010இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 50 பேருக்கு ஐந்து நிமிடம் முகத்திலும் ஐந்து நிமிடம் காலிலும் விசிறிப் பார்த்தார்கள். முகத்தில் பட்டபோது திணறல் குறைந்தது. முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்கின் இருபுறமும் காற்று படும்படி மெல்ல அசைத்தால் போதும். திணறல் புதிதாக, திடீரென்று வந்ததாக இருந்தால் மட்டும் விசிறியை நம்பி உட்கார வேண்டாம், முதலில் மருத்துவமனை.