கொட்டினால் ஆறுமா? 'கதார்சிஸ்' வந்த வழி

"உள்ளேயே வச்சிருந்தா வியாதியாயிடும் சார். கொட்டிடணும். அதுக்குப் பேர்தானே கதார்சிஸ்?"

கேட்டவரின் வலது கை முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. மொட்டைமாடியில் பஞ்சிங் பேக் மாட்டி, வேலை விட்டு வந்ததும் மேலதிகாரியை நினைத்துக்கொண்டு தினமும் இருபது நிமிடம் குத்துகிறார். மூன்று மாதமாக இதுதான் வழக்கம். கோபம் குறைந்ததா என்று கேட்டேன். "குத்துறப்ப நல்லா இருக்கு. கீழே வந்தா, பொண்ணு பென்சிலைத் தவற விட்டாக்கூடக் கத்துறேன்." (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருபவர்கள் பலர் இந்தச் சொல்லோடு வருகிறார்கள். பெரிய பெயர்கள் பின்னால் நிற்பதால் யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. அதனால்தான் அது வந்த வழியைச் சொல்ல நினைக்கிறேன்.

கிரேக்கத்தில் 'கதரோஸ்' என்றால் தூய்மையானது. கொலைப்பழி நீங்கச் செய்யும் சடங்கு கதார்சிஸ். ஹிப்போகிராட்டிஸ் வழிவந்த பண்டைக் கிரேக்க மருத்துவர்களுக்கோ அது உடலில் தேங்கிய கெட்டதை வெளியேற்றுவது. நம் பேச்சில் சொன்னால் பேதி. அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' ஆறாம் அத்தியாயத்தில், துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவ்வுணர்ச்சிகளின் கதார்சிஸை நிகழ்த்துகிறது என்றார். அதன் பொருளை அங்கே விளக்கவில்லை. 'அரசியல்' நூலின் எட்டாம் பகுதியில், கவிதை பற்றிப் பேசும்போது இதைத் தெளிவாகச் சொல்வேன் என்கிறார். இன்று நம் கையில் இருக்கும் 'கவிதையியல்' நூலில் அந்த விளக்கம் கிடையாது.

அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் நிரப்பியது. 1278இல் லத்தீனுக்குப் போன மொழிபெயர்ப்பை அதிகம் பேர் படிக்கவில்லை. 1508இல் வெனிஸில் கிரேக்க மூலம் அச்சான பிறகுதான் இத்தாலிய உரையாசிரியர்களின் சண்டை சூடு பிடித்தது. பிரெஞ்சில் அது 'பர்காசியோன்' ஆனது. நாடகாசிரியர் கொர்னேய் 1660இல், இது ஓர் அழகான எண்ணம் மட்டும்தானோ, உண்மையில் நடப்பதே இல்லையோ என்று அஞ்சினார். மேடையில் வாழ்நாளைக் கழித்தவர் சொன்னது என்பதால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1671இல் மருத்துவ உவமையைப் பிடித்துக்கொண்டார்: புளிப்புக்குப் புளிப்பு, உப்புக்கு உப்பு, அதாவது ஒன்றை அதே போன்றதால் நீக்குவது. ஜெர்மனியில் நாடகாசிரியர் லெஸ்ஸிங், உணர்ச்சி நற்பண்பாக மாறுவதே இது என்றார். இதே வேரிலிருந்து 'கதார்' என்ற பெயர் பிறந்து, திருச்சபை ஒடுக்கிய ஒரு பிரிவினரைக் குறித்து, ஜெர்மன் மொழியில் 'கெட்ஸர்' என்று மத விரோதிக்கான சொல்லாகவே ஆகிவிட்டது. தூய்மையில் தொடங்கியது அங்கே போய் நின்றது.

திருப்பம் 1857. யாக்கோப் பெர்னாய்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர், அரிஸ்டாட்டில் சொன்னது மருத்துவப் பொருள்தான், அடைபட்ட உணர்ச்சியின் வெளியேற்றம்தான் என்று வாதிட்டார். அவருடைய தம்பி மகள் மார்த்தாவைத்தான், பின்னாளில் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டு மணந்தார். 1895இல் வியன்னா மருத்துவர் பிராயரும் ஃபிராய்டும் ஹிஸ்டீரியா பற்றி எழுதிய நூலில் தங்கள் சிகிச்சையைக் 'கதார்சிஸ் முறை' என்றார்கள். நாம் 'அழுது தீர்த்தான்' என்பதுபோல ஜெர்மனிலும் வழக்கு உண்டு. அதையே சான்றாகக் காட்டினார்கள். இன்று இத்தாலியில் கதார்ஸி, ஸ்பெயினில் கதார்ஸிஸ், ரஷ்யாவில் கதார்ஸிஸ்.

பயணத்தில் ஒன்று உதிர்ந்துபோனது. பிராயரிடம் வந்த 'அன்னா ஓ' என்ற பெண் செய்தது, மறந்த நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து பேசியது. 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். தலையணையைக் குத்தவில்லை. ஃபிராய்டே பின்னால் அந்த முறையை விட்டு நகர்ந்துவிட்டார்.

உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் 600 கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார். கோபமூட்டியவரை நினைத்தபடி பையைக் குத்தியவர்களுக்கே கோபம் அதிகமாக இருந்தது. பிறரிடம் அதிக மூர்க்கமாக நடந்துகொண்டவர்களும் அவர்கள்தான். எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட மேல். 154 ஆய்வுகளைத் தொகுத்து அவரும் ஒரு சக ஆய்வாளரும் 2024இல் வெளியிட்டதும் இதே பக்கம்தான் நிற்கிறது: மூச்சுப் பயிற்சி, தியானம், தசை தளர்த்துதல் என உடலின் வேகத்தைத் தணிப்பவை கோபத்தைக் குறைக்கின்றன. வேகத்தைக் கூட்டுபவை பொதுவாகக் குறைப்பதில்லை. குத்தும்போது கிடைக்கும் சுகம் நிஜம். அந்தச் சுகமே மறுநாளும் குத்தச் சொல்கிறது. கோபத்தை விழுங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் யார் மீதாவது கை நீளத் தொடங்கியிருந்தால் தள்ளிப்போடாமல் உதவி தேடுங்கள்.

அறிஞர்களில் ஒரு சாரார் கதார்சிஸ் என்பதைத் 'தெளிவு' என்றே படிக்கிறார்கள். கலங்காத தண்ணீரையும் கிரேக்கர் 'கதரோஸ்' என்றுதான் சொன்னார்கள். கலங்கிய குடத்தைக் குலுக்கினால் தெளியாது, வைத்துவிட வேண்டும். என் அறையில் எனக்கு உதவும் பொருள் இதுதான்.

அவரிடம் பையைக் கழற்றச் சொன்னேன். வீட்டுக்குள் நுழையும் முன் மாடிப்படியில் பத்து நிமிடம், மூச்சை மெதுவாக விட்டபடி உட்காரச் சொன்னேன். இரவில், அன்று நடந்ததை நோட்டில் எழுத வேண்டும். நடந்தது, அப்போது மனதில் பட்டது, இரண்டையும். மூன்றாவது சந்திப்பில் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினார். மேலதிகாரி திட்டியதைப் பற்றி இரண்டு வரிதான். மீதி முழுக்க, புதிதாகச் சேர்ந்த பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பற்றி. வாசித்து முடித்துவிட்டு, "இது கோபமே இல்ல போலிருக்கே சார்," என்றார்.