கடற்கரை ஊரில் கேமிங் கணினி: கணக்கை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களிலிருந்து கேமிங் கணினி கட்டித்தரச் சொல்லி வரும் இளைஞர்கள், பெரும்பாலும் யூடியூபில் பார்த்த பாகப் பட்டியல் ஒன்றைக் கையோடு கொண்டு வருகிறார்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அதில் ஓரளவு சரியாகவே இருக்கும். கையில் உள்ள தொகை போதாது என்று தெரியும்போது முதலில் வெட்டப்படுவது, எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்தான்; கேபினெட்டோடு இலவசமாக வருவதே போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பழுதுக்கு வரும் கணினிகளை நாள்தோறும் திறந்து பார்ப்பவன் என்ற முறையில், இந்தக் கடற்கரையில் செலவைக் குறைக்கக் கூடாத பாகம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மலிவான எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் அந்த 12 வோல்ட் வழியாகத்தான் எடுக்கின்றன. அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால், அதனால் கொடுக்க முடிவது 192 வாட் மட்டுமே. கோர் ஐ5 12400எஃப் பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். இரண்டுக்குமே 287 வாட் ஆகிவிடுகிற நிலையில், அந்தப் பெட்டி விளையாட்டின் நடுவே அணைந்துபோனால் அதை நல்ல நேரம் என்றே சொல்ல வேண்டும். அணையாமல் எரிந்துபோனால் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட் தரும் நல்ல நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் இந்த அளவிலான கணினிக்குத் தாராளமாகப் போதும். 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. ஷார்ட் ஆனாலோ சுமை மீறினாலோ தானாக நிற்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று அட்டவணையில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐஸ் கம்பெனி இயங்கும் தெருக்களிலும், கடைசிக் கம்பத்தில் இணைப்பு பெற்ற வீடுகளிலும் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவது நமக்குப் பழகிய விஷயம். அப்படி எழுதியிருக்கும் எஸ்எம்பிஎஸ் அந்த இறக்கத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும். தனியாக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை. யுபிஎஸ் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். வழக்கமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட் மட்டுமே என்பதால், மானிட்டரையும் அதிலேயே மாட்டிவிட்டு விளையாடினால் மின்வெட்டின்போது கூவிவிட்டு அணைந்துவிடும்.

அடுத்தது எர்த். செருப்பில்லாமல் சிமெண்டுத் தரையில் நின்று கேபினெட்டின் பின்பக்கத் திருகைத் தொடும்போது விரலில் சுர்ரென்று ஏறுகிறதா? கணினியில் கோளாறு என்று சொல்லித்தான் பலரும் இதைக் கொண்டு வருகிறார்கள். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், மின்சார இரைச்சலை வடிகட்டி எர்த் கம்பிக்கு அனுப்பும் சிறு கெபாசிட்டர்கள் இருக்கின்றன. வீட்டில் எர்த் இல்லையென்றால் அது போக வழியில்லாமல், கேபினெட்டின் இரும்பு முழுவதும் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி அழுத்தத்தில் நிற்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். அதில் பாயும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி எறியாது. ஆனாலும் அதே நிலையில் டிவியின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் கிராபிக்ஸ் கார்டின் முனை சேதமாக வாய்ப்புண்டு. எர்த் இல்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உண்மையாகவே ஷார்ட் ஆனால் அது உயிருக்கே ஆபத்து. மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு மாட்டுகிற பழக்கத்தைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

நம் பகுதியில் எர்த் கெட்டுப்போவதற்குத் தனிக் காரணங்கள் இருக்கின்றன. காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் ஏற்காது. உப்பு ஊறிய மண்ணோ, எர்த்துக்காகப் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். எலக்ட்ரீஷியனை அழைத்து, மல்டிமீட்டரால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி குறைத்தாவது அந்தப் பணத்தில் செம்புப் பூச்சுள்ள கம்பியைப் புதைத்து, மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் மாட்டிக்கொள்வது நல்லது. கணினிக்கு மட்டுமல்லாமல் வீட்டில் உள்ளவர்கள் எல்லோருக்கும் அது பயன்படும்.

உப்புக்காற்றைப் பற்றிப் பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய பாலத்தின் இரும்பை அரிப்பிலிருந்து காக்க எத்தனை தலைமுறை ஊழியர்கள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்! கணினிக்குள் நடப்பதும் அதே அரிப்புதான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்புத்தூள் தானாக நீரை இழுத்துக் கரைந்து, மின்சாரம் கடத்தும் படலமாகிறது. கடலோரத்தில் இரவு நேரங்களில் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். செம்பில் பச்சையும், அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பொடியும், கேபினெட்டின் வெட்டு ஓரங்களில் துருவும் தெரிந்தால் இது தொடங்கிவிட்டது என்று பொருள். ஓடும் கணினி சூடாக இருப்பதால் உள்ளே ஈரம் தங்குவதில்லை. பொதுத்தேர்வு முடியும் வரை என்று பிளாஸ்டிக் உறை போட்டு மாதக்கணக்கில் மூடி வைக்கும் கணினிதான் அதிகம் கெடுகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட விடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். ராமின் முனை மங்கினால் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மூர் வழக்கம்; அது மெல்லிய தங்கப் பூச்சையும் சேர்த்துச் சுரண்டிவிடும் என்பதால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியே போதும்.

அப்படியானால் பணத்தை எங்கே மிச்சப்படுத்துவது? கண்ணாடிக் கேபினெட், வண்ண விளக்கு, எட்டு ஃபேன் ஆகியவற்றில் குறைக்கலாம். தூசி வடிகட்டியும் இரண்டு ஃபேனும் உள்ள எளிய கேபினெட் இங்கே மேலானது. ராமை ஒரே 16 ஜிபியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாகப் போடுங்கள். பிறகு மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை இயக்க மறக்காதீர்கள். தொகை உண்மையிலேயே குறைவென்றால், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி பிராசஸரையும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸையும் வாங்கி வேலோரண்ட், ஜிடிஏ 5 போன்றவற்றைக் குறைந்த அமைப்பில் விளையாடிக்கொண்டே, கார்டுக்குப் பணம் சேர்க்கலாம். பெயரின் முடிவில் எஃப் என்றுள்ள இன்டெல் பிராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையே வராது. 5600ஜியுடன் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைச் சேர்ப்பதையும் தவிருங்கள். அந்தக் கார்டுக்குத் தரவு போய்வர நான்கு தடங்களே உள்ளதால், கார்டையும் பிராசஸரையும் இணைக்கும் பிசிஐஇ வழி இந்தப் பிராசஸரில் பழைய 3.0 வகையாக இருப்பதால் வேகம் இழந்துவிடும்.

மூன்றாம் தலைமுறை ஐ5-உம் புது எச்61 போர்டும் சேர்ந்து மலிவாக வருவதைப் பார்த்து மயங்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்தப் பிராசஸரை ஏற்பதில்லை. பழைய கார்டின் பெயரை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகளும் சந்தையில் உண்டு. கார்டின் உண்மையான விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலான போலிகளை அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அதைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் துபாயிலிருந்து சாச்சாவோ மாமாவோ கார்டு வாங்கி வருவது உண்டு. அந்த நிறுவனத்தின் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று அவர் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கினாலும், 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிப் பில் இல்லாமல் தரும் பாகத்தை வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். துரு, அரிப்பு இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்ற விதியைப் பல நிறுவனங்கள் வைத்திருப்பதால், பெட்டியைப் பிரித்த அன்றே போர்டையும் கார்டையும் இருபுறமும் தெளிவாகப் படமெடுத்து, அந்தப் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.