3 கிரெடிட், 16 மணி நேரம்: நடனத்தைத் துணைப்பாடமாக எடுக்கும் மாணவர்களுக்கு

ஷூவைக் கழற்றும்போதே அந்தப் பெண் தயக்கத்தோடு சொன்னாள்: "பெரிசா ஒண்ணும் இல்லை மேடம். நான் டான்ஸ் மேஜர்கூட இல்லை, கெமிஸ்ட்ரி. டான்ஸ் மைனர்தான். மூணே கிரெடிட்."

வலது பாதத்தின் மேற்புறத்தில் வலி, மூன்று வாரமாக. முதலில் குதிக்கும்போது மட்டும் வலித்திருக்கிறது. அப்புறம் வகுப்பு முடிந்த பிறகும். இப்போது படி ஏறினாலே வலி. "எந்த இடம்னு ஒரே விரலால தொட்டுக் காட்டும்மா" என்றேன். யோசிக்காமல் விரலை வைத்தாள்: கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் நீளெலும்பு நடுப்பாதத்தோடு சேரும் இடம். நான் அதே இடத்தில் மெல்ல அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பிசியோதெரபி செய்வது என் வேலை. அதில் நடன மாணவர்கள் ஏராளம். வலிக்கிற இடத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தசைப்பிடிப்பாகவோ அலுப்பாகவோ இருக்கும். விரல்நுனியால் புள்ளி வைத்தது போலக் காட்டினால் நான் எலும்பைச் சந்தேகிப்பேன். அதுவும் இரண்டாவது நீளெலும்பின் அடிப்பகுதி, நடனம் ஆடுகிறவர்களுக்கு விரிசல் விடுவதற்குப் பேர்போன இடம். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்கும்போது மற்ற நீளெலும்புகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இரண்டாவதின் அடிப்பகுதியோ அக்கம்பக்கத்து எலும்புகளுக்கு நடுவே ஆப்பு அடித்தது மாதிரி இறுகிக் கிடக்கும். அதற்கு அசைய இடமில்லை. சுமை மொத்தமும் அதன் மேல் விழுகிறது.

ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவளுடைய வாரத்தை இருவருமாக எழுதினோம். ஆட்டப் பயிற்சி வகுப்பு வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அது 2 கிரெடிட். பருவ இறுதி நிகழ்ச்சிக்கான பாடம் 1 கிரெடிட். அதற்காக மூன்று மாலைகளில் இரண்டரை மணி நேரம் ஒத்திகை, சனிக்கிழமை நான்கு மணி நேரம். கூட்டினால் 16 மணி நேரம். "போன செமஸ்டர்ல எவ்வளவு?" என்று கேட்டேன். வாரத்துக்கு 3 மணி நேரம். கூட்டுத்தொகையை எழுதிய பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் அதைக் கூட்டிப் பார்த்ததே இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தத் தாள்தான். நடனத்தை முதன்மைப் பாடமாகப் படிப்பவர்களைச் சுற்றி எப்போதும் சில கண்கள் இருக்கும். பல துறைகளில் ஆண்டுத் தொடக்கத்திலேயே உடல் பரிசோதனை செய்து, எங்கே பலவீனம் என்று குறித்து வைக்கிறார்கள். ஆசிரியர்கள் தினமும் பார்க்கிறார்கள், நொண்டினால் உடனே தெரிந்துவிடும். துணைப்பாடமாக எடுப்பவர் இரண்டு துறைகளுக்கு நடுவே நிற்கிறார். வேதியியல் துறைக்கு அவருடைய ஒத்திகை நேரம் தெரியாது. நடனத் துறைக்கு அவர் ஆய்வுக்கூடத்தில் நான்கு மணி நேரம் நின்றுவிட்டு வருவது தெரியாது. அவருடைய முழு வாரத்தையும் ஒருசேரப் பார்ப்பவர் எவருமில்லை. மாணவரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் "துணை" என்ற சொல் கண்ணை மறைத்துவிடுகிறது.

கிரெடிட் கணக்கும் சேர்ந்து ஏமாற்றும். விரிவுரைப் பாடத்தில் 1 கிரெடிட் என்றால் பொதுவாக வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு. ஆய்வுக்கூடத்துக்கும் நடனக் கூடத்துக்கும் பல பல்கலைக்கழகங்களில் கணக்கு வேறு. அதே 1 கிரெடிட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆட வேண்டியிருக்கும், ஒத்திகை அதற்கும் மேலே. ஆகவே பாடம் பதிவு செய்யும்போது கிரெடிட்டைப் பார்த்து "இது இலகுவான பருவம்" என்று முடிவு செய்யாதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் காலில் நிற்பேன், எத்தனை மணி நேரம் குதிப்பேன், கடைசி நான்கு வாரங்களில் ஒத்திகை எவ்வளவு கூடும் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

மணி நேரத்தைவிட ஆபத்தானது, அது ஒரேயடியாகத் தாவி ஏறுவது. வாரம் 16 மணி நேரம் ஆடுவது தன்னளவில் தவறில்லை, அதைவிட இரண்டு மடங்கு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். 3 மணி நேரத்துக்குப் பழகிய எலும்பை ஒரே மாதத்தில் 16-க்குக் கொண்டுபோவதில்தான் கோளாறு. எலும்பு உயிருள்ள பொருள். சுமை ஏறும்போது, பழுதான பகுதியைச் சில செல்கள் முதலில் அரித்து எடுக்கும். வேறு செல்கள் பின்னால் வந்து புதிதாகக் கட்டும். இந்தச் சுற்று ஒருமுறை முடியவே மூன்று நான்கு மாதம் ஆகும். இடையில் அரித்த வேலை நடந்திருக்கும், கட்டுகிற வேலை பாக்கி இருக்கும். அந்த நேரத்தில் எலும்பு முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். மூச்சும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடுவதால், "இப்போ நல்லா ஆட முடியுது" என்று நமக்குத் தோன்றும். எலும்பு இன்னும் அங்கே வந்து சேர்ந்திருக்காது.

அவளை எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இதை எல்லோரும் நினைவில் வையுங்கள்: அழுத்தத்தால் வரும் விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். படம் சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஒத்திகைக்குப் போய், அரை விரிசலை முழு முறிவாக்கிக்கொண்டு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எலும்பின் மேல் புள்ளியாக வலி, அழுத்தினால் துடிக்கிறது, ஆட ஆடக் கூடுகிறது, ராத்திரி படுத்தாலும் விடவில்லை என்றால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் குதிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி மருத்துவரைப் பாருங்கள். அவளுக்கு எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது.

கணுக்கால் சுளுக்கு வேறு கதை. நடனத்தில் சட்டென்று வரும் காயங்களில் அதுதான் மிகச் சாதாரணம். கணுக்காலின் இரண்டு பக்க முட்டெலும்புகளின் பின்விளிம்பில் அழுத்தினால் எலும்பிலேயே வலி இருந்தாலோ, தாங்கித் தாங்கியாவது நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, எக்ஸ்ரே எடுக்கத் தாமதிக்காதீர்கள். 1992-இல் வந்த ஒட்டாவா விதிகளின் சாரம் இது. உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

துணைப்பாட மாணவர்களில் ஒரு வகையினரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எட்டு பத்து வருடம் ஆடியிருப்பார்கள். மேல்நிலைப் படிப்பு, நுழைவுத் தேர்வு என்று இரண்டு மூன்று வருடம் விட்டிருப்பார்கள். பல்கலைக்கழகத்தில் ஆசை மறுபடி எட்டிப் பார்க்கும். நிலை பிரிக்கும் தேர்வில் ஆடிக் காட்டியதும் நேராக, நன்றாக ஆடுகிறவர்களுக்கான மேல் வகுப்பில் போட்டுவிடுவார்கள். போட்டவர்கள் மேல் தப்பில்லை, அடவும் தாளமும் உடம்பில் பதிந்தவை, சீக்கிரம் திரும்பி வந்துவிடும். ஆனால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாண் இரண்டு வருடம் சும்மா இருந்திருக்கிறது. மூளைக்கு நினைவிருக்கும் உயரத்தை அது இன்னும் தாங்காது. இவர்களுக்கு நான் சொல்வது: முதல் பருவத்தில் ஒரு படி கீழே உள்ள வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், புரிகிறது. அழுதவர்கள்கூட உண்டு. அடுத்த பருவத்தில் அவர்களே மேல் வகுப்பில் வலியில்லாமல் ஆடுவதையும் பார்த்திருக்கிறேன்.

பரதநாட்டியத்தில் முழங்காலை வெளிப்பக்கம் மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டியோ, பாலேயில் பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்பதோ, அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். எவ்வளவு திரும்பும் என்பது தொடை எலும்பின் முறுக்கையும் இடுப்புக் குழியின் அமைப்பையும் பொறுத்தது, ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்தில் நிற்பவரின் பாதக் கோணத்தைப் பார்த்து உங்கள் பாதத்தைத் தரையில் பிடித்துத் திருகினால், மிச்சக் கோணத்தை முழங்கால்தான் தர வேண்டியிருக்கும். முழங்கால் அந்த வேலைக்கு அமைந்த மூட்டு இல்லை. அரைமண்டியில் உட்காரும்போது குனிந்து பாருங்கள். முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேராகப் போக வேண்டும், உள்ளே சரிந்தால் கோணத்தைக் குறையுங்கள்.

அப்புறம், ஐந்து மணி வரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, மாடிப்படியில் ஓடி வந்து, ஐந்து பத்துக்கு முதல் குதி. முதன்மைப் பாட மாணவர்கள் காலையிலிருந்தே அசைந்துகொண்டிருக்கும் உடம்போடு வருகிறார்கள், நீங்கள் இறுகிப்போன இடுப்போடு வருகிறீர்கள். உடம்பைச் சூடாக்க வகுப்பில் செய்விக்கும் பயிற்சி அவர்களுக்குப் போதும், உங்களுக்கு அதற்கு முன்னால் இன்னும் பத்து நிமிடமாவது தேவை. வேகமான நடை, கால் வீச்சு, குதிகாலைத் தூக்கி இறக்குவது, லேசாக வியர்க்கும் வரை. தரையில் உட்கார்ந்து காலை நீட்டி நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடிப்பதை வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் இழுத்துப் பிடித்த தசை, உடனே குதிக்கச் சொன்னால் முழு விசையோடு வேலை செய்யாது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நிறையப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன். ஆய்வுக்கூடத்துக்கும் ஒத்திகைக்கும் நடுவில் சாப்பிட நேரமில்லாமல் போவது ஒன்று, கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைப்பது இன்னொன்று. உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். செலவுக்கு ஈடாக உணவு உள்ளே போகாவிட்டால், உடம்பு முதலில் கைவைப்பது மாதவிடாய், எலும்பு, நோய் எதிர்ப்பு ஆகியவற்றில். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த நிலைக்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர் வைத்தது. அது ஆண்களுக்கும் வரும் என்று அப்போதே தெளிவாகச் சொன்னது. மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால், "நல்லா ஆடுறேன், அதான் நின்னுபோச்சு" என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். என்னிடம் எலும்பு விரிசலோடு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியை நான் விடுவதே இல்லை.

வலியை மறைப்பதற்குப் பெரும்பாலும் வருகைப் பதிவுதான் காரணம். இரண்டு வகுப்பு விட்டால் மதிப்பெண் குறையும், முதன்மைப் பாடத்தின் சராசரியும் அடிவாங்கும் என்ற பயம். ஆனால் பல நடனத் துறைகளில், காயம்பட்டவர் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைக் கவனித்துக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். எத்தனை வகுப்புக்கு அது செல்லும் என்பது பாடத்திட்டத் தாளில் இருக்கும். முதல் வாரத்திலேயே படித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்.

பாடங்களை எடுக்கும் வரிசையும் முக்கியம். துணைப்பாடத்தில் ஆட்டப் பயிற்சியோடு நடன வரலாறு, நடன அமைப்பு, பல இடங்களில் உடற்கூறு அல்லது அசைவியல் பாடமும் இருக்கும். மாணவர்கள் உடற்கூறைக் கடைசி வருடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை முதலில் எடுங்கள். முதன்மைப் பாடத்தில் கடினமான பருவம் எது என்று பார்த்து, அந்தப் பருவத்தில் வரலாற்றை வைத்துக்கொள்ளுங்கள். மேடை நிகழ்ச்சிப் பாடத்தையும் ஆய்வறிக்கையையும் ஒரே பருவத்தில் போட்டுக்கொண்டு தூங்காமல் வந்து நின்றவர்களின் முகம் எனக்கு மறக்காது.

இவ்வளவும் படித்துவிட்டு, எதற்கு வம்பு என்று யாரும் விலகிவிடக் கூடாது. பல்கலைக்கழகத்தில் நடனம் ஒரு பட்டப்படிப்பாகவே வேறொரு துறைக்காரரால்தான் வந்தது. மார்கரெட் ஹெச்டப்ளர் உயிரியல் படித்தவர், கூடைப்பந்து பயிற்றுவித்துக்கொண்டிருந்தவர். 1926-இல் அவர் முயற்சியால் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடனத்துக்கு முதல் பட்டப்படிப்பு தொடங்கியது. வகுப்புக்கு எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து மூட்டுகளைக் காட்டிப் பாடம் நடத்துவாராம். வேதியியலும் பொறியியலும் படித்துக்கொண்டு மாலையில் ஆட வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவு வரும். வலியின் காரணத்தை விளக்கினால் அவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள்.

அந்தக் கெமிஸ்ட்ரிப் பெண் ஆறு வாரம், பாதத்தை அசையாமல் பிடித்து வைக்கும் மருத்துவ பூட் போட்டுக்கொண்டாள். நிகழ்ச்சியில் ஆடவில்லை. ஒத்திகைகளுக்குப் போய் உட்கார்ந்து ஒளி அமைப்புக்கான குறிப்புகளை எழுதிக் கொடுத்தாள், மதிப்பெண் குறையவில்லை. பூட்டைக் கழற்றிய பிறகு, வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னேன். 8-க்கு மேல் முடியவில்லை. வலியில்லாமல் 25 வந்த பிறகுதான் குதிப்பது என்று பேசி வைத்தோம். பத்தாவது வாரம் என் முன்னால் நின்று சத்தமாக எண்ணினாள். இருபத்தைந்தில் நிறுத்திவிட்டு, "இப்போ குதிக்கலாமா மேடம்?" என்றாள். இருபது குதி, இரண்டு காலிலும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த பருவத்துக்கு அவள் பதிவு செய்திருந்த பாடங்களின் தாளையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஓரத்தில் கிரெடிட்டை அடித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மணி நேரத்தை எழுதியிருந்தாள்.