படம் அழகாக இருந்தால் அளவும் சரியாக இருக்குமா? வீட்டில் செய்த விங்கில் வரைபடம் எடுப்பவர்களுக்கு

மடிக்கணினியோடு ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். ஃபோம் வெட்டி, ஒட்டி, மோட்டார் பொருத்தித் தன் கையாலேயே ஒரு ஃபிளையிங் விங், அதாவது வாலில்லாமல் இறக்கை மட்டுமே உள்ள ஆளில்லாச் சிறு விமானம், செய்திருந்தார். அதன் வயிற்றில் சாதாரணக் கையடக்கக் கேமராவை வைத்து 20 ஹெக்டேர் நிலத்தை மேலிருந்து படமெடுத்து, நூற்றுக்கணக்கான படங்களையும் மென்பொருளில் இணைத்து ஒரே வரைபடமாக்கிக் கொண்டுவந்திருந்தார். வரப்பும் வண்டித்தடமும் புதர்நிழலும் அத்தனை தெளிவு. பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது.

"சார், இதை வச்சு மண் கணக்கு போட்டுடலாமா?" என்று கேட்டார்.

"ஒரு கோடு போட்டுப் பார்ப்போம் தம்பி" என்றேன். நிலத்தின் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை கோடு இழுத்து, அதன் உயர வெட்டை, அதாவது அந்தக் கோட்டில் உயரம் எப்படி ஏறி இறங்குகிறது என்ற படத்தை, திரையில் வரவழைத்தோம். இரண்டு ஓரத்திலும் உயரம் ஒன்றாகவே இருந்தது. நடுவில் மட்டும் கோடு மெல்ல எழும்பி, 60 செ.மீ. வரை போய், மெல்ல இறங்கியது. பார்க்க ஒரு ஆமை முதுகு மாதிரி.

"அங்க மேடே கிடையாதே சார்" என்றார். உண்மைதான். அது சமன்படுத்திய நிலம். மேடு மண்ணில் இல்லை, கணக்கில் இருந்தது. நடுவில் 60 செ.மீ. என்றால், அந்த வடிவத்துக்குச் சராசரியாக 30 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 20 ஹெக்டேருக்கு அது 60,000 கன மீட்டர் மண். லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் 6,000 லோடு. இல்லாத மண்.

நான் நில அளவைத் தொழிலில் இருப்பவன். விங் செய்து பறக்கவிடுவதும் எனக்குப் பிடித்த வேலை. அதனால் இந்த இளைஞரைப் போன்றவர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர்கள் இதை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. எங்கே தவறு நுழைகிறது என்று தெரிந்தால், அதே விங்கில் நல்ல வேலை செய்யலாம்.

வால் இல்லாத இந்த இறக்கை வடிவம் புதிதல்ல. ஜெர்மனியின் ஹோர்ட்டன் சகோதரர்கள் 1930களிலேயே வாலில்லாத கிளைடர்களைப் பறக்கவிட்டார்கள். இன்று அளவைக்கென்றே விற்கும் ஈபீ (eBee) போன்ற விமானங்களும் இதே ஃபோம் இறக்கைதான். உடையும்படி நீட்டிக்கொண்டிருக்கும் வால் கிடையாது, வயிற்றில் இறங்கும், இறக்கை மடலை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ ஒன்று போனால் வயலிலேயே மாற்றிவிடலாம். முக்கியமாக, பரப்பை வேகமாக முடிக்கும். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், 60 மீட்டர் இடைவெளிக் கோடுகளில் போனால் நிமிடத்துக்கு 5 ஹெக்டேருக்கு மேல் படமாகும். நான்கு விசிறி டிரோன்கள் பலவற்றுக்கு இது கடினம்.

இதற்கு ஒரு விலை உண்டு. விங்கால் ஓரிடத்தில் நிற்க முடியாது, மெதுவாகப் போகவும் முடியாது. காற்று எப்படி அடித்தாலும் அதோடுதான் போயாக வேண்டும். வரைபடம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். பலரும் பயன்படுத்திய 12 மெகாபிக்சல் கையடக்கக் கேமரா ஒன்றை, 5.2 மி.மீ. லென்ஸ், 7.4 மி.மீ. அகல சென்சார் என்று எடுத்துக்கொள்வோம். 120 மீட்டர் உயரத்தில் அதன் ஒரு படம் தரையில் சுமார் 171 மீட்டருக்கு 128 மீட்டர் பரப்பைப் பிடிக்கும். ஒரு பிக்சல் தரையில் 4.3 செ.மீ. குறுகிய பக்கம் பறக்கும் திசையில் இருக்கிறது என்று வைப்போம். அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டுமென்றால் 26 மீட்டருக்கு ஒரு படம் வேண்டும்.

இப்போது நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. விங்கின் வேகம் காற்றில் 15 மீட்டர். காற்றை எதிர்த்துப் போகும்போது தரைக்கு மேல் 7 மீட்டர், காற்றோடு திரும்பும்போது 23 மீட்டர். கேமராவில் 3 நொடிக்கு ஒரு படம் என்று நேரக்கணக்கு வைத்திருந்தால், எதிர்த்துப் போகும் கோட்டில் 21 மீட்டருக்கு ஒரு படம் விழும். அது பரவாயில்லை. திரும்பி வரும் கோட்டில் 69 மீட்டருக்கு ஒன்றுதான். மேற்படிவு, அதாவது படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அளவு, 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மென்பொருள் அப்போதும் எப்படியாவது இழுத்து ஒட்டப் பார்க்கும். வரைபடத்தில் ஒரு பட்டை தெளிவாகவும் அடுத்த பட்டை நெளிந்தும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். என் ஆரம்பகால வரைபடங்களில் இந்தப் பட்டைகள் இருந்தன. கேமராவில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை மறுபடி பறக்கவிட்ட பிறகுதான் காற்றுத் திசையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றியது.

நேரத்தை வைத்து ஷட்டரை அழுத்தாமல் தூரத்தை வைத்து அழுத்துங்கள். விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட்டுகளில், ஆர்டுபைலட் போன்ற திறந்த மென்பொருளில், இத்தனை மீட்டருக்கு ஒரு படம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதுவும் போதாது. கையடக்கக் கேமரா ஒரு படத்தை எழுதி முடித்து அடுத்ததுக்குத் தயாராக 2 நொடி எடுத்துக்கொண்டால், 23 மீட்டர் வேகத்தில் 46 மீட்டருக்குள் அடுத்த படம் வராது. ஆட்டோபைலட் கேட்கும், கேமரா கொடுக்காது. அதனால் நான் கோடுகளைக் காற்றுக்குக் குறுக்கே போடுவேன். அதே 8 மீட்டர் காற்றில் குறுக்கே போனால் இரண்டு பக்கமும் தரைவேகம் 12.7 மீட்டர்தான். 2 நொடிக்கு 25 மீட்டர், அதாவது ஏறத்தாழ அதே 80 சதவீதம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். குறுக்குக் காற்றில் விங் நண்டு மாதிரி பக்கவாட்டில் திரும்பித்தான் நகரும். இந்தக் கணக்கில் 32 டிகிரி. படமும் அதே அளவு திரும்பி விழும் என்பதால் கோடுகளை இன்னும் நெருக்கிப் போட வேண்டும்.

குன்று இருந்தால் இதே கதை வேறு வழியில் வரும். புறப்பட்ட இடத்திலிருந்து 120 மீட்டர் என்று பறக்கிறீர்கள், நடுவில் 60 மீட்டர் குன்று. அதன் உச்சியில் படத்தின் பரப்பு ஒவ்வொரு பக்கமும் பாதியாகும். மேற்படிவு 80 சதவீதம் வைத்த இடத்தில் 60, பக்கவாட்டில் 65 வைத்த இடத்தில் 30. குன்று உச்சியில் வரைபடம் ஓட்டையாக வருவது இதனால்தான்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜூம், ஃபோகஸ் இரண்டையும் பூட்டிவிடுங்கள், நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். ஷட்டர் 1/1000 நொடிக்கு மேல் திறந்திருக்க வேண்டாம். 15 மீட்டர் வேகத்தில் 1/1000 நொடியில் கேமரா 1.5 செ.மீ. நகரும், 1/250 என்றால் 6 செ.மீ., ஒரு பிக்சலைத் தாண்டிவிடும். சென்சாரை வரிவரியாகப் படிக்கும் செல்போன் கேமராவை வேகமான விங்கில் வைப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. ஒரே படத்தின் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையிலேயே விமானம் நகர்ந்திருக்கும்.

அப்புறம் அந்த ஆமை முதுகு.

எல்லாப் படங்களும் ஒரே உயரத்தில், ஒரே திசைக் கோடுகளில், நேராகக் கீழே பார்த்து எடுத்தவை. மென்பொருள் இந்தப் படங்களை வைத்தே லென்ஸின் வளைவையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட படங்களில் லென்ஸ் வளைவில் வரும் சிறு பிழையையும் நிலமே வளைந்திருப்பதையும் அதனால் பிரித்தறிய முடிவதில்லை. லென்ஸ் பிழையை நிலத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. விமானத்தில் உள்ள சாதாரண ஜிபிஎஸ் பல மீட்டர் வரை தவறக்கூடியது. 60 செ.மீ. வளைவை அது தடுக்காது. கொடுமை என்னவென்றால், மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் இந்த வளைவு தெரியவே தெரியாது. வரப்பு வரப்பாகத்தான் இருக்கும். உயரத்தை வெட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்.

மருந்து இரண்டு. ஒன்று, பறக்கும் விதத்தை மாற்றுவது. முதல் கோடுகளுக்குக் குறுக்கே இன்னொரு அடுக்கு, வேறு உயரத்தில், கேமராவுக்கு அடியில் சின்ன ஆப்பு வைத்து 10, 15 டிகிரி சாய்த்து எடுங்கள். சாய்ந்த படங்கள் லென்ஸின் வளைவைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, தரைக்குறிகள். அரை மீட்டருக்குக் குறையாத பலகையில் கறுப்பும் வெளுப்பும் நான்கு கட்டமாகப் பூசி, நிலத்தின் மூலைகளிலும் நடுவிலும் வைத்து, ஒவ்வொன்றையும் நல்ல கருவியால் அளந்துகொள்ள வேண்டும். பளபளப்பான வெள்ளை வேண்டாம், வெயிலில் படத்தில் ஊதிப்போய் மையம் தெரியாது.

அளந்த குறிகளில் சிலவற்றை மென்பொருளுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. வரைபடம் முடிந்த பிறகு, ஒதுக்கிய குறிகளின் இடத்தை வரைபடத்தில் படித்து, தரையில் அளந்ததோடு ஒப்பிட வேண்டும். கொடுத்த குறிகளில் பிழை குறைவு என்று மென்பொருள் அறிக்கை சொல்வது சான்றாகாது. அந்த இடங்களில் பொருந்தும்படிதானே அது கணக்கையே போட்டது?

உயரத்தில் இன்னொரு பொறி. ஜிபிஎஸ் தரும் அடிப்படை உயரம் பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக் கணக்கிட்டது. உயர வித்தியாசத்தை அளக்கும் லெவல் கருவியோடு வேலை செய்பவர்கள் பேசுவது கடல்மட்ட உயரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். இலங்கைக்குத் தெற்கே கடலில் அது 100 மீட்டரைத் தாண்டுகிறது. எந்த உயரம் என்று எழுதாமல் வரைபடம் கைமாறக் கூடாது.

பாதுகாப்புக்கு வருகிறேன். ஃபோம் தானே என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். 2 கிலோ விங் 15 மீட்டர் வேகத்தில் போகும்போது அதன் ஆற்றல் 225 ஜூல். 2 கிலோ கல்லை 11 மீட்டருக்கு மேலிருந்து போடுவதற்குச் சமம். ஃபோம் உள்ளே பேட்டரியும் மோட்டாரும் இருக்கின்றன. அதனால் ஆட்கள் தலைக்கு மேல் கோடு போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வைத்திருங்கள். பல நாடுகளில் 120 மீட்டர்தான் உச்ச உயரம். பதிவு, அனுமதி விதிகள் நீங்கள் பறக்கும் நாட்டில் எப்படியோ அப்படியே பின்பற்றுங்கள். வீட்டில் செய்தது என்பது விலக்கு ஆகாது. பக்கத்து வீட்டு முற்றமும் உங்கள் படத்தில் விழும், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விங்கைக் கையால் எறிந்து பறக்கவிடும் கணம்தான் மிக ஆபத்தானது. புரொப்பெல்லர் பின்னால் இருக்கிறது, கை அதற்கு முன்னால் இருக்கிறது. என் ஆள்காட்டி விரலில் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. கையை விட்டுப் போன பிறகே மோட்டார் சுழலும்படி ஆட்டோபைலட்டில் தாமதம் வைக்கலாம், கட்டாயம் வையுங்கள்.

எறிவதற்கு முன், ஆட்டோபைலட்டைச் சாய்வைத் தானே திருத்தும் நிலைப்படுத்தும் முறையில் போட்டு, விங்கைக் கையில் பிடித்து வலப்பக்கம் சாயுங்கள். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடலான எலிவான், வலப்பக்கத்தில் கீழே இறங்கி, இடப்பக்கத்தில் மேலே ஏற வேண்டும். மூக்கைக் கீழே சாய்த்தால் இரண்டும் மேலே எழ வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் எறியாதீர்கள். எடைமையத்தையும் ஒவ்வொரு முறையும் குறியிட்ட இடத்தில் விரல்வைத்துத் தூக்கிப் பாருங்கள். வால் இல்லாததால், பேட்டரி ஒரு விரல் அகலம் பின்னால் நகர்ந்தாலே விங் கட்டுக்குள் நிற்காது. விழுந்த விங்கின் பேட்டரி உப்பியிருந்தால் அதை மறுபடி சார்ஜில் போடவே வேண்டாம்.

அந்த இளைஞர் இரண்டு வாரம் கழித்து அதே நிலத்துக்கு என்னையும் கூப்பிட்டார். 14 பலகைகள் வைத்தோம். 9 மென்பொருளுக்கு, 5 சோதனைக்கு. காற்றுக்குக் குறுக்கே ஒரு அடுக்கு, கேமராவைச் சாய்த்து எதிர்க்குறுக்கில் இன்னொரு அடுக்கு. அதே கோட்டை மறுபடி இழுத்தோம். ஆமை முதுகு போயிருந்தது. சோதனைக் குறிகளில் ஒன்று 6 செ.மீ. மேலே, ஒன்று 5 செ.மீ. கீழே, மற்றவை அதற்குள்.

"இப்ப மண் கணக்கு போடலாமா சார்?"

"திட்டமிட இது போதும். பணம் கொடுக்கும் கணக்குக்கு லெவல் வச்சும் பார்த்துடணும்" என்றேன். இந்த நிலத்தில் மொத்த உயரம் 1 செ.மீ. நகர்ந்தாலே 2,000 கன மீட்டர் மாறும். அவர் வரைபடத்தின் வலது கீழ் மூலையில் பறந்த தேதி, உயர அடிப்படை, ஐந்து சோதனைக் குறிகளின் பிழை எல்லாவற்றையும் எழுதினார். கடைசி வரியாக அந்த 2,000 கன மீட்டரையும் எழுதினார்.