முஃபாசாவுக்குக் குரல் கொடுத்தவருக்கும் பேச்சு திக்கும்

"இவரே சரியாயிட்டாராமே சார், என் பையனுக்கு எப்ப சரியாகும்?"

திக்குவாய்க்குப் பயிற்சி தேடி வருகிற பெற்றோர் சிலர், போனில் அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பற்றிய வீடியோவைக் காட்டிவிட்டு இப்படிக் கேட்கிறார்கள். 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடரின் குரல், 'தி லயன் கிங்' ஆங்கில மூலத்தில் சிங்க ராஜா முஃபாசாவின் குரல் என்றால் பலருக்கும் புரியும். பேச்சுப் பயிற்சியாளனான எனக்கும் அவர் கதை பிடிக்கும். ஆனால் அது பாதியிலேயே நிறுத்தப்படுகிறது.

ஜோன்ஸ் பிறந்தது 1931இல், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில். சின்ன வயதிலேயே தாத்தா பாட்டியோடு வடக்கே மிச்சிகனில் ஒரு பண்ணைக்குப் போனார். அந்த இடமாற்றத்தை ஒட்டித் திக்கல் பற்றிக்கொண்டது. வகுப்பில் பிள்ளைகள் சிரிக்க, பேச்சையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். பண்ணை விலங்குகளிடம் மட்டும் தடையில்லாமல் பேச வந்தது. உயர்நிலைப் பள்ளியில் டொனால்ட் கிரவுச் என்ற ஆசிரியர், பையன் கவிதை எழுதுவதைக் கண்டுபிடித்தார். கிரேப்ஃப்ரூட் பழத்தைப் பற்றி அவன் எழுதியதைப் படித்துவிட்டு, "இது நீ எழுதியதுதான் என்றால் மனப்பாடமாகச் சொல்லு" என்கிற மாதிரி வகுப்பில் நிறுத்தினார். சொன்னான், திக்கவே இல்லை.

வீடியோக்கள் இங்கே கைதட்டி முடித்துவிடும். அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் நாடகத்துக்கு மாறினார். ராணுவத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு நியூயார்க் மேடைக்குப் போனார். ஒத்தெல்லோ, லியர் மன்னன் என்று ஷேக்ஸ்பியரின் பெரிய பாத்திரங்களில் நடித்தார். 'தி கிரேட் ஒயிட் ஹோப்' நாடகத்தில் குத்துச்சண்டை வீரராக நடித்ததற்கு 1969இல் டோனி விருது, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருது அது. அந்த நாடகம் படமானபோது ஆஸ்கர் பரிந்துரை. 1987இல் 'ஃபென்சஸ்' நாடகத்தின் குப்பை அள்ளும் தொழிலாளி வேடத்துக்கு இன்னொரு டோனி. 80 வயதைத் தாண்டியும் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் மேடையேறினார். 2024 செப்டம்பரில் 93ஆவது வயதில் இறந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில், திக்கல் குணமாகிவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டதில்லை. அதோடு சேர்ந்தே வேலை செய்கிறேன் என்றுதான் பேட்டிகளில் சொன்னார்.

அப்படியானால் மேடையில் எப்படித் தடையில்லாமல் வந்தது? நாம் சாதாரணமாகப் பேசும்போது, என்ன சொல்வது என்று யோசிப்பதும் நாக்கு, உதடு, மூச்சு எல்லாவற்றையும் நேரத்துக்கு அசைப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். திக்குவாய் உள்ளவர்களுக்கு இந்த ஒத்திசைவில்தான் சிக்கல். மனப்பாட வசனத்தில் யோசிக்கும் வேலை முன்பே முடிந்துவிடுகிறது. பாட்டிலும் செய்யுளிலும் தாளம் கைகொடுக்கும். பலரோடு சேர்ந்து சொன்னாலும், யாரும் கேட்காதபோது நாய்க்குட்டியிடம் பேசினாலும் திக்கல் குறையும், பலருக்குக் காணாமலே போகும்.

இது தெரியாததால் பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமில்லை. "சினிமாப் பாட்டு முழுசாப் பாடுறான், மிஸ் கேள்வி கேட்டா மட்டும் திக்குறான், வேணும்னே பண்றான்" என்று என் எதிரிலேயே பையனை அதட்டிய அப்பாக்கள் உண்டு. வேண்டுமென்று யாரும் திக்குவதில்லை.

சரளமாகப் பேசுவதாகத் தெரிகிற சிலர் வேறு வழியில் சமாளிக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவன் இறங்க வேண்டிய இடம் குன்றத்தூர். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் 'கு' நெஞ்சிலேயே நின்றுவிடும் என்று தெரியும். அதனால் அதைத் தாண்டி இருக்கிற பல்லாவரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, குன்றத்தூரில் இறங்கிக்கொள்வான். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. "இப்பல்லாம் நல்லா பேசுறான்" என்றார் அம்மா. ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லலாம், சொந்தப் பெயரை எப்படி மாற்றுவது? அவனுக்கு மிகக் கடினமான சொல் அவன் பெயர்தான். பயிற்சியை நாங்கள் அங்கிருந்துதான் தொடங்கினோம். திக்கினாலும் பரவாயில்லை, நினைத்த சொல்லையே சொல்ல வேண்டும் என்பதுதான் முதல் பாடம்.

திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். நிறையப் பிள்ளைகளுக்குத் தானாகவே நின்றும்விடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, பேசும்போது கண்ணை இறுக்குவது, கழுத்தை வெட்டுவது தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்துக்கும் நம் ஊரிலிருந்து பலர் போகிறார்கள். நாக்கில் வசம்பு தடவுவதும், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேச வைப்பதும் வேண்டாம். கூழாங்கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரவுச் செய்ததை நம் வகுப்பில் அப்படியே செய்து பார்க்காதீர்கள். அந்தப் பையனுக்கு அது சொந்தக் கவிதை, அவன் பணயம் வைத்தது தன்மானத்தை. அதே இடத்தில் இன்னொரு பிள்ளை ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ளலாம். முதலில் தனியாகக் கூப்பிட்டு, "வாசிக்கிறாயா, நண்பனோடு சேர்ந்து வாசிக்கிறாயா, இன்றைக்கு வேண்டாமா?" என்று கேளுங்கள். வருகைப் பதிவின்போது கையைத் தூக்கினால் போதும் என்று மொத்த வகுப்புக்கும் சொல்லிவிட்டால், யாரையும் தனியாகச் சுட்டிக்காட்டியதாகவும் இருக்காது.