எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு இன்சூரன்ஸ் எதுவரை கைகொடுக்கும்?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வகுத்த விலக்கு (எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற) வாசகங்களை இன்றும் பாலிசிகளில் பார்க்கலாம். 6-ம் எண் விலக்கு உடல் பருமன் பற்றியது. அதன்படி பொதுவாகப் பணம் இல்லை என்றாலும், வயது 18 நிறைந்து, பிஎம்ஐ (உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருந்து, டாக்டரும் பரிந்துரைத்தால் ஆபரேஷன் செலவைக் கேட்கலாம். பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல், ஆனால் 40-க்குக் கீழே என்றால், எடை குறைக்கும் மற்ற முயற்சிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்ற ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். பாலிசி எடுத்த பிறகு க்ளெய்ம் கேட்கும் வரை பொறுக்க வேண்டிய காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும்.

சிக்கலே அப்புறம்தான். வீடு திரும்பிய பிறகு ஆகும் செலவுக்கு நாள் கணக்கு உண்டு. ஒரே மாதிரி விதிகளோடு பல நிறுவனங்கள் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் 60 நாள். அதற்குள் வரும் டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மருந்து பில்களை விடாமல் கேளுங்கள். சத்து மாத்திரைக்கு மட்டும் 14-ம் எண் விலக்கு குறுக்கே வரும். சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்கும் வைட்டமின்களுக்குப் பணம் இல்லை. மருத்துவமனை சிகிச்சையின் பகுதியாக டாக்டர் எழுதியிருந்தால் உண்டு. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொரு மாத்திரையும் பெயர், அளவு, எத்தனை நாள் என்பதோடு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ‘சப்ளிமென்ட் தொடரவும்’ என்று மொட்டையாக இருந்தால் திருத்தி வாங்குங்கள்.

அந்த நாள்கள் முடிந்தால்? பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும் வேண்டும். 3, 6, 12-ம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை, பிறகு வருடம் ஒருமுறை. ஓபி (மருத்துவமனையில் தங்காமல் பார்க்கும்) செலவைத் தரும் பாலிசி இல்லையென்றால் எல்லாமே கைக்காசு. வயிற்றையே மாற்றியமைக்கப் பணம் தரும் விதி, அதன் பராமரிப்பைக் கைவிடுவது நியாயமாகப் படவில்லை. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை விசாரியுங்கள்.

செலவுக்குப் பயந்து மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் போடுங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும்; ஒரு முட்டையில் 6 கிராம்தான். தட்டில் முட்டை, மீன், பன்னீர் முதலில், இட்லி பிறகு. வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தயமின் (வைட்டமின் பி1) குறைந்தால் நரம்பு பாதிக்கும்.

க்ளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.